செய்தி வாசிக்கத் துடிக்கும் மகளுக்கு எதற்கு என்ஜினீயரிங் சீட்?

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. மகள் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். டி.வி.யில் செய்தி வாசிக்க வேண்டும், பிறகு வெளிநாட்டுச் செய்தியாளராகப் போக வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் சித்தப்பா, "மேனேஜ்மென்ட் கோட்டாவுல ஏ.ஐ. படிக்க வைங்க" என்கிறார். அத்தையோ, "டி.வி.யில மூஞ்சியக் காட்டுற பிள்ளைய யாரு கட்டுவா?" என்கிறார். அப்பா அரவை மில் வைத்திருக்கிறார். கடைசியாக அவர் கேட்டது, இருக்கிற இடத்தை அடமானம் வைக்கலாமா என்று.

அண்ணே, கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்புவது எனக்குச் சுலபம். அடமானம் வரைக்கும் பேச்சு வந்துவிட்டதால் நேராகவே சொல்கிறேன்: வைக்காதீர்கள். உங்கள் பெண் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியிருக்கிறாள். தமிழிலும் ஆங்கிலத்திலும் நல்ல மதிப்பெண். நான் கேட்காமலேயே இலங்கை நெருக்கடியைப் பற்றிப் பேசினாள். 2022 ஜூலையில் கொழும்பில் மக்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்ததை அவ்வளவு தெளிவாகச் சொன்னாள். இந்தப் பிள்ளையை நாலு வருஷம் கோடிங் வகுப்பில் உட்கார வைத்தால் அரியரும் கடனும்தான் மிஞ்சும். கடனைக் கட்டப்போவது சித்தப்பா இல்லை, நீங்கள்.

"மூன்றே மாதத்தில் ஆங்கர் ஆகலாம்" என்று பணம் கேட்கும் பயிற்சி மையங்களுக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். மேக்கப்பும் கேமரா முன் நிற்பதும் வேலைக்குப் போன பிறகு தானாக வரும். டெலிபிராம்ப்டர் திரையில் ஓடும் எழுத்தைப் பார்த்து வாசிப்பது இந்த வேலையில் சின்னப் பகுதிதான். வாசித்துக்கொண்டிருக்கும்போதே காதில் மாட்டிய டாக்பேக்கில் புரொட்யூசர், "ஜெனீவாவிலிருந்து பிரேக்கிங், இரண்டு வரி சொல்லுங்க" என்பார். எதிரே எழுத்து இருக்காது. விஷயம் தெரிந்தவர்தான் அங்கே தாக்குப்பிடிப்பார்.

ஆகவே பாடத்தைப் படிக்க வையுங்கள்: பி.ஏ. பொருளாதாரம் அல்லது வரலாறு. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் புகைப்படச் செய்தியாளர் டேனிஷ் சித்திக்கி பட்டம் பெற்றது பொருளாதாரத்தில். ஊடகப் படிப்பு அதற்குப் பிறகுதான். ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி மதுரையிலேயே இருக்கிறது. அரசுக் கல்லூரிக் கட்டணம் உங்கள் மில் வருமானத்துக்குள் அடங்கும். மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். புதுமைப்பெண் திட்டம் 2024 டிசம்பரில் அப்படிப்பட்ட மாணவிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. மாதம் ₹1,000 அவள் வங்கிக் கணக்குக்கே வரும். ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தாள் என்பதற்கான சான்றை இப்போதே வாங்கி வையுங்கள்.

இனி, யாருமே உங்களிடம் சொல்லாத வழி. ஆகாஷ்வாணியின், அதாவது அகில இந்திய வானொலியின், மாநிலச் செய்திப் பிரிவுகளில் 'செய்தி வாசிப்பாளர் - மொழிபெயர்ப்பாளர்' என்று தற்காலிகப் பணி ஒன்று உண்டு. விளம்பரம் வரும்போது பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வும் குரல் தேர்வும் நடக்கும். ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கி, அதைத் தானே வாசிக்க வேண்டும். "செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்ற குரலை உங்கள் அப்பா காலத்தில் வீட்டுக்கு வீடு கேட்டிருப்பார்கள். அந்த மரபில் வருகிற வேலை இது.

பயிற்சிக்குப் பத்துப் பைசா செலவில்லை. மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகத் தளத்தில் ஒரே அறிக்கை பல நாள் ஆங்கிலத்திலும் தமிழிலும் கிடைக்கும். ஆங்கிலத்தை எடுத்துத் தானாக மொழிபெயர்த்துவிட்டு, பிறகு தமிழைத் திறந்து ஒப்பிடட்டும். பெரும்பாலும் அவள் எழுதியது இன்னும் எளிமையாக இருக்கும். "அமைச்சரவை ஒப்புதல் அளித்த, நாலு மாவட்டங்களை இணைக்கும், ஐந்து ஆண்டுகளில் முடியவிருக்கும் ரயில் பாதை" என்று இழுத்தால் கேட்கிறவர் பாதியிலேயே விட்டுவிடுவார். மூன்று வாக்கியமாக உடைக்க வேண்டும். தொகைகளை எண்ணில் எழுதாமல் "ஆயிரத்து இருநூற்று ஐம்பது கோடி ரூபாய்" என்று எழுத்தில் எழுதிக்கொண்டால் வாசிக்கும்போது நாக்கு தடுக்காது.

பிறகு போனில் பதிவு செய்து கேட்கட்டும். என் எதிரே வாசித்தபோது யாழ்ப்பாணத்தை 'யாள்ப்பாணம்' என்றாள். நம் ஊரில் பழத்தைப் 'பளம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தினம் கால் மணி நேரம் வாய்விட்டு வாசித்தால் சரியாகிவிடும். படிக்கும் காலத்திலேயே மதுரை வானொலி நிலையத்தில் இளைஞர் நிகழ்ச்சி வாய்ப்பைக் கேட்டுப் பார்க்கட்டும். நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சனிக்கிழமையை அங்கே கழிக்கட்டும்.

வானொலிச் செய்தி வாசிப்பு நிரந்தர வேலை இல்லை, மாதத்தில் சில நாள்தான் அழைப்பார்கள். அதை மறைக்க மாட்டேன். ஆனால் தமிழ்ச் சேனல்களின் சர்வதேச டெஸ்க்கில் ராய்ட்டர்ஸ், ஏ.எஃப்.பி. போன்ற செய்தி நிறுவனங்கள் அனுப்பும் ஆங்கிலச் செய்தியை நிமிஷத்தில் தமிழாக்கும் ஆளுக்கு எப்போதும் தேவை உண்டு. வெளிநாட்டுக்கு வாசல் அந்த டெஸ்க்தான். முதல் ஊர் லண்டனாக இருக்க வேண்டியதில்லை. மதுரையிலிருந்தே கொழும்புக்கு விமானம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் டெல்லிச் செய்தியாளருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இவளுக்கு வேண்டாம். சிங்களமும் கற்றுக்கொண்டால் அவளை ஒதுக்கிவிட்டு இலங்கைச் செய்தியை யாரும் யோசிக்க முடியாது.

ஆபத்து உண்டா என்று அம்மா கேட்டார். உண்டு. அந்த டேனிஷ் சித்திக்கி 2021-ல் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்டார். போர்முனைக்குப் போவதா என்று முடிவெடுக்கும் நாள் வர இன்னும் பல வருஷம் இருக்கிறது. அன்றைக்குக் காப்பீடும் பாதுகாப்புப் பயிற்சியும் தராத நிறுவனத்துக்காக அவள் போகக்கூடாது. அந்த முடிவை அவளே எடுக்கட்டும், அத்தை எடுக்க வேண்டாம்.

அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பம் இணையத்தில்தான். பொருளாதாரத்தை முதல் விருப்பமாகவும் வரலாற்றை இரண்டாவதாகவும் போடுங்கள். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு முன்பணம் கட்டச் சொல்லி சித்தப்பா போன் செய்தால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.