தோட்டத்து ஊஞ்சல்: நாமே மாட்டுவதா, ஆள் வைப்பதா?

பெட்டியில் பாகம் பாகமாக வரும் ஊஞ்சல்களைப் பல வருடங்களாக நிறுத்தி வருகிறேன். அதுபற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: இரும்புக் குழாய் ஊஞ்சல் வாங்கியிருக்கிறோம். நானும் என் மனைவியும் மட்டும் மாட்டிவிட முடியுமா?

தாராளமாக. இரண்டு பக்கமும் விரிந்த கால்கள், நடுவே ஓர் உத்தரம், அவ்வளவுதான். அரை நாள் வேலை. உத்தரத்தைத் தூக்கிக் கால்களோடு பொருத்தும் நேரத்துக்கு இரண்டாவது ஆள் கட்டாயம் வேண்டும். ஆனால் தரை எப்படி என்று நீங்கள் சொல்லவில்லையே! ஆள் தேவையா என்பதை நான் பெட்டியைப் பார்த்துச் சொல்வதில்லை, நிலத்தைப் பார்த்துத்தான் சொல்வேன்.

கேள்வி: எங்கள் தோட்டம் ஒரு பக்கம் சரிவு. தாழ்ந்த பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. பிள்ளை ஆடும்போது கால்கள் முன்னும் பின்னும் இழுபடும். இன்று ஒரு நூல், நாளை ஒரு நூல் என்று செங்கல் நகர்ந்துகொண்டே இருக்கும். பள்ளத்தில் மண் கொட்டினாலும் முதல் மழையில் இறங்கிவிடும். ஆகவே மேட்டைத்தான் வெட்ட வேண்டும். நீளமான நேர்ப்பலகையைப் போட்டு, அதன்மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு சாணுக்கு மேல் வெட்ட வேண்டியிருந்தால் அந்த வேலைக்கு மட்டும் ஆள் கூப்பிட்டு, ஊஞ்சலை நீங்களே மாட்டுங்கள். முழுவதும் நாமே, இல்லாவிட்டால் முழுவதும் கூலி என்று யார் சொன்னது? மண்வெட்டியை எடுக்கும் முன் அடியில் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: மேடை, ஏணி, சறுக்கு எல்லாம் சேர்ந்த மர ஊஞ்சல். இரண்டு பேர் ஒரே நாளில் முடிக்கலாம் என்று குறிப்பேடு சொல்கிறது. நம்பலாமா?

அந்த இரண்டு பேர் இதே வேலையை ஏற்கெனவே செய்தவர்களாக இருந்தால் நம்பலாம். முதல் தடவை என்றால் சனி, ஞாயிறு இரண்டும் போய்விடும். பாகங்களைப் பிரித்து, எண் பார்த்து அடுக்கவே ஒரு காலைப்பொழுது ஆகும், அதைக் குறுக்காதீர்கள். ஒன்றரை அங்குலத் திருகாணியும் இரண்டு அங்குலத் திருகாணியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். மாற்றிப் போட்டால் பலகையின் மறுபக்கம், சரியாகக் குழந்தை கைபிடிக்கும் இடத்தில், முனை எட்டிப் பார்க்கும்.

இன்னொன்று, எந்த போல்ட்டையும் முதலிலேயே இறுக்காதீர்கள். விரலால் திருகி நிறுத்துங்கள். சட்டம் முழுதும் சேர்ந்த பிறகு மேடையின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து, அளவு ஒன்றாக வந்த பிறகே ஸ்பானரை எடுங்கள். அவசரப்பட்டு இறுக்கியவர்களுக்குக் கடைசி போல்ட் துளையில் நுழையாது. உடனே ட்ரில் மெஷினால் துளையைப் பெரிதாக்குவார்கள். அந்த இணைப்பு பிறகு ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

கேள்வி: சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும்?

எல்லாப் பக்கமும் 6 அடி. ஆடும் திசையில் அது போதாது. உத்தரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு வேண்டும். உத்தரம் 8 அடி உயரம் என்றால் முன்னால் 16, பின்னால் 16, ஆக 32 அடி. கூலிக்கு வருபவர் நீங்கள் கை காட்டிய இடத்தில் நிறுத்திவிட்டுப் போவார். ஆகவே யார் மாட்டினாலும் இந்த அளவை நீங்களே எடுங்கள். கீழே புல் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். குறைந்தது 9 அங்குலம் மரச்சீவல் பரப்புங்கள். சிமென்ட் தரையில் ஊஞ்சல் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மகள் வேகமாக ஆடினால் பின்கால் தரையைவிட்டு எழும்புகிறது. போல்ட்டை இன்னும் இறுக்கலாமா?

போல்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கால்களைத் தரையோடு பிணைக்கப் பெட்டியோடு வந்த இரும்பு முளைகளைத் தரையில் இறக்கினீர்களா? பலர் அவற்றை உபரி என்று எண்ணி அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். மண் மணற்பாங்காக இருந்தால் முளை பிடிக்காது. குழி தோண்டி கான்கிரீட் போடுங்கள். கான்கிரீட்டின் தலை மண்ணுக்குள் மறைந்திருக்க வேண்டும். மூன்று நாளாவது யாரும் ஏறக் கூடாது. பிள்ளைகளைத் தடுப்பதுதான் இதில் கடினமான பகுதி.

கேள்வி: எனக்கு ஸ்பானர் பிடிக்கவே வராது ஐயா. ஆள் வைக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

தரையைச் சமன் செய்வதும் முளை இறக்குவதும் கூலியில் சேர்த்தியா? பாகம் குறைந்தால் மறுபடி வருவாரா? ஒரு மாதம் கழித்து வந்து இறுக்கித் தருவாரா? மரம் காய்ந்து சுருங்கும்போது போல்ட் தளரும் என்பதால் கடைசிக் கேள்வி முக்கியம்.

பணம் கொடுக்கும் முன் சங்கிலியின் கொக்கிகளைப் பாருங்கள். வாய் திறந்திருந்தால் சட்டை மாட்டிக்கொள்ளும். நாணயத்தின் விளிம்பு நுழையாத அளவுக்கு இடுக்கியால் நெருக்கச் சொல்லுங்கள். நட்டுக்கு வெளியே போல்ட்டின் மரை இரண்டு சுற்றுக்கு மேல் நீட்டியிருந்தால் அறுத்து மழுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பத்து வயது மகனும் உதவிக்கு வருவேன் என்கிறான். சேர்த்துக்கொள்ளலாமா?

போல்ட், வாஷர் எண்ணும் பொறுப்பை அவனிடம் விடுங்கள். பெரியவர்களைவிடக் கவனமாக எண்ணுவான். உத்தரம் தூக்கும்போது மட்டும் வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.