கேள்வி நேரம்: நானோ துகளில் மூலிகை மருந்து

கேள்வி: மஞ்சளில் உள்ள குர்குமினை எதற்காக நானோ துகளாக்க வேண்டும்? அப்படியே விழுங்கினால் வேலை செய்யாதா?

பதில்: குர்குமின் தண்ணீரில் கரைவதே அரிது. கரைகிற கொஞ்சமும் காரத்தன்மை உள்ள இடத்தில் சீக்கிரம் சிதைந்துபோகும். தப்பிப்பதைக் குடல் சுவரும் கல்லீரலும் குளுக்குரோனைடாக (சர்க்கரை அமிலம் ஒட்டிய கழிவு வடிவமாக) மாற்றி வெளியே தள்ளிவிடும். அதனால் கிராம் கணக்கில் சாப்பிட்டாலும் ரத்தத்தில் மாறாத குர்குமின் மிகச் சொற்பமே. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துகளுக்குள் அடைத்தால் சிதைவு குறையும், குடலில் பரவுவதும் எளிதாகும். தானாகவே நன்றாகக் கரைந்து உடலில் சேரும் மூலிகைப் பொருளுக்கு இந்தப் பாடு தேவையே இல்லை.

கேள்வி: நான் ஆய்வு மாணவி. 50 மி.கி. பி.எல்.ஜி.ஏ. (உடலில் சிதையும் பாலிமர்), 5 மி.கி. குர்குமின் இரண்டையும் 5 மி.லி. அசிட்டோனில் கரைத்து, துகள்கள் ஒட்டாமல் காக்கும் போலோக்ஸமர் 1% கலந்த 20 மி.லி. நீரில் சொட்டுச் சொட்டாக விட்டேன். துகள் அளவு 160 நானோமீட்டர். மருந்தில் 95% உள்ளே ஏறியதாகக் கணக்கு. மறுநாள் குப்பியின் அடியில் மஞ்சள் படிந்திருக்கிறது. ஏன்?

பதில்: அந்த 95 சதவீதத்தை நம்பாதீர்கள். சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றிவிட்டு மேல்நீரை மட்டும் அளந்திருந்தால் இப்படித்தான் வரும். துகளுக்குள் போகாத குர்குமின் நீரில் நிற்காது. படிகமாகித் துகள்களோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். மேல்நீர் தெளிவாக இருப்பதால் எல்லாம் உள்ளே போய்விட்டதாகத் தோன்றும். ஒரு சொட்டை முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் பாருங்கள், படிகம் இருந்தால் கறுத்த பின்னணியில் ஊசி ஊசியாக மின்னும். துகள் அளவு பார்க்கும் கருவி இதைத் தவறவிடலாம், பெரிய படிகம் அளவீட்டின்போதே அடியில் போய்விடுவதால்.

முதலில் 0.45 மைக்ரான் வடிகட்டியில் படிகத்தைப் பிரித்தெடுங்கள். வடிந்ததில் ஒரு பங்கை அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானில் கரைத்து, 425 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தால் உண்மையான எண் கிடைக்கும்.

படிகம் உருவாவதற்கு இரண்டு காரணங்களைச் சந்தேகிக்கிறேன். மருந்து அதிகம்: 2 மி.கி.யில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். அசிட்டோன் இரவு முழுக்க நீரில் தங்கியது: அது இருக்கும்வரை குர்குமின் துகளை விட்டு வெளியே கசிந்து படிகமாக வளரும். காற்றழுத்தத்தைக் குறைத்து அன்றே ஆவியாக்கிவிடுங்கள். குப்பியை அலுமினியத் தாளால் சுற்றுங்கள். வெளிச்சமும் குர்குமினைச் சிதைக்கும். உறைய வைத்து உலர்த்துவதானால் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையை 5% சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் துகள்கள் ஒட்டிக்கொண்டு மறுபடி நீரில் பிரியாது.

கேள்வி: ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறேன். ‘பல மடங்கு உறிஞ்சப்படும்’ என்ற நானோ குர்குமின் மாத்திரை எடுக்கலாமா?

பதில்: மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம், ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். அந்த ‘மடங்கு’ பெரும்பாலும் குளுக்குரோனைடையும் சேர்த்து எண்ணியது என்பதையும் கவனியுங்கள். நன்கு உறிஞ்சப்படும் மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததாகப் பதிவுகள் உள்ளன. சிறுநீர் அடர்நிறமானாலோ கண் மஞ்சளித்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.