அம்மா ஏறிய பாதையில் சைக்கிள்

அன்புள்ள அக்கா,

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று அலுத்துப்போய் சைக்கிள் ஓட்டத் தொடங்கினேன். இப்போது மலைப்பாதைக்கான சைக்கிளே வாங்கிவிட்டேன். வேலை கொழும்பில். பிறந்தது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். நானும் இரண்டு நண்பர்களும் ஒஹியவில் தொடங்கி, ஹப்புத்தளை, லிப்டன் சீட், அப்புறம் பூனாகலைப் பக்கம் என்று இரண்டு நாள் ஓட்டலாம் என நினைக்கிறோம். அம்மாவிடம் சொன்னபோது, "நாங்க கூடையோட ஏறி எறங்கி முழங்கால் தேஞ்ச ரோட்டுல ஒனக்கு வெளையாட்டா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் உறுத்துகிறது. போகலாமா? போவதென்றால் எப்போது, எப்படி?

க., வத்தளை

அன்புள்ள தம்பி,

போங்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தோட்டப் பாதையில் யார் போகலாம், யார் போகக் கூடாது என்பது மலையகத்தில் நெடுங்காலம் தோட்டத்தை நடத்திய துரைமார் முடிவு செய்த விஷயம். தொழிலாளரின் நிலையை நேரில் பார்க்க வந்த, பின்னாளில் தொழிற்சங்கத் தலைவரான கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில்தான் தோட்டத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது. வேலை எதுவும் இல்லாமல், காற்று வாங்கவும் மலையைப் பார்க்கவும் அந்தப் பாதையில் போவது துரைமாருக்கும் அவர்களின் விருந்தாளிகளுக்கும் உரியதாக இருந்தது. உங்கள் அம்மா அந்த ரோட்டில் ஒரு நாளாவது சும்மா நடந்திருப்பாரா? இன்று கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ ட்ரெய்ல் என்ற நடைபாதை இருக்கிறது. அதன் பெரும்பகுதி பழைய தோட்டப் பாதைகள்தான். எங்கிருந்தோ வருகிறவர்கள் அதில் மகிழ்ச்சியாக நடக்கிறார்கள். நடக்கட்டும். ஆனால் அந்தப் பாதையை வெட்டியவர்களின் பேரப்பிள்ளை அதில் சந்தோஷமாகப் போகத் தயங்குகிறான் என்றால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அதற்காக அம்மாவின் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள். அவர் உங்களைத் தடுக்கவில்லை. அந்த ரோடு எதற்காகப் போடப்பட்டது என்று தெரிந்துகொண்டு போ என்கிறார் என்றே எனக்குப் படுகிறது. சைக்கிள்காரருக்கு அது வெறும் உணர்ச்சி விஷயமில்லை, வேலைக்கு உதவும் அறிவு.

தோட்டத்தில் பாதை இரண்டு வகை. ஒன்று வண்டி ரோடு. பாரம் ஏற்றிய மாட்டுவண்டி போக வேண்டும் என்பதால் மலையைச் சுற்றிச் சுற்றி, மெதுவான ஏற்றமாக வெட்டியிருப்பார்கள். கருங்கல் பாவி, மேல்பக்கம் தண்ணீர் வடியக் கான் எடுத்து, தண்ணீர் குறுக்கே ஓடும் இடத்தில் கல் மதகு கட்டியிருப்பார்கள். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த மலைகளில் கல்லுடைத்து ரோடு போட்டவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இன்றைக்கும் மலைச் சைக்கிளுக்கு இந்த வண்டி ரோடுகளைப் போல் பொருத்தமான பாதை இலங்கையில் வேறில்லை. ஏற்றம் மூச்சை அடைக்காது, இறக்கத்தில் வளைவு முன்கூட்டியே கண்ணில் படும்.

இரண்டாவது, குறுக்குப் பாதை. ஒரு வண்டி ரோட்டிலிருந்து அடுத்ததற்குத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே செங்குத்தாக ஏறும் ஒற்றையடிப் பாதை. கூடை நிறைந்ததும், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு ஓடி இறங்குவது அதில்தான். அம்மாவின் முழங்கால் தேய்ந்ததும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். மேலிருந்து பார்த்தால் கை பரபரக்கும், விட்டுக்கொண்டு இறங்கலாமே என்று. தயவுசெய்து வேண்டாம். ஈர மண்ணில் டயர் ஒரு கோடு கிழித்தால் அடுத்த மழைத் தண்ணீர் அந்தக் கோட்டைத்தான் பிடிக்கும். மலைச்சரிவில் குறுக்காகக் கான் வெட்டுவதே தண்ணீர் நேரே இறங்கி மேல்மண்ணை அள்ளிப் போகாமல் இருக்கத்தான். அந்தக் கானை வெட்டித் துப்புரவாக்குவதும் ஒருவர் முதுகு வலிக்கச் செய்யும் வேலை. அதோடு, செடி மறைப்பில் யார் கூடையோடு ஏறி வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

மாதம் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் போகும் ஊவா பக்கத்துக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை, வேண்டாம். ஜூன் முதல் செப்டெம்பர் வரை வெயில் உண்டு, ஆனால் ஹப்புத்தளை இடைவெளியில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஆளையே தள்ளும். மலைவிளிம்பில் அது விளையாட்டில்லை. பெப்ரவரி, மார்ச் நல்லது. விடியும்போது கிளம்புங்கள், பின்னேரம் மேகம் இறங்கிவிடும்.

ஒஹிய சுமார் 1,770 மீற்றர் உயரம். அங்கிருந்து உடவேரிய தோட்டம் வழியாக டெவில்ஸ் ஸ்டெயர்கேஸ் என்று சொல்லும் இறக்கத்தில் போனால் பம்பரகந்த நீர்வீழ்ச்சி வரும். 263 மீற்றர், நாட்டிலேயே உயரமானது. உதிரிக் கல், முழங்கை முழங்கையாக வளைவு. மழை பெய்த மறுநாள் அங்கே இறங்காதீர்கள். களுப்பஹனையில் பெரிய ரோட்டைப் பிடித்தபின் ஹப்புத்தளைக்கு ஒரே ஏற்றம்தான், அது 1,430 மீற்றரில் இருக்கிறது. முதல் நாளுக்கு அது போதும். ஒஹியவுக்கும் இதல்கஸ்ஹின்னவுக்கும் இடையே தண்டவாளத்தை ஒட்டிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். அந்தத் துண்டில் வரிசையாகச் சுரங்கங்கள், ஒதுங்க இடமிருக்காது.

இரண்டாம் நாள் தம்பேதன்னை. தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, இன்னும் நிற்கிறது. அங்கிருந்து லிப்டன் சீட்டுக்கு ஏழு கிலோமீற்றர் ஏற்றம். வேலைநாளில் போனால் வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டு முடிந்து மலைக்குப் போகிறவர்கள் ரோடு முழுக்க இருப்பார்கள். இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வணக்கம் சொல்லிப் போங்கள். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து வாசல் வழியாகப் பாதை போகும் இடத்திலும் அப்படியே. அது ஒரு வீட்டின் முற்றம். பிள்ளைகள் சைக்கிளைத் தொட்டுப் பார்க்கக் கேட்பார்கள். ஓட்டவும் கொடுங்கள்.

யாராவது கைகாட்டி நிறுத்தினால் உடனே நில்லுங்கள், ஏன் என்று அப்புறம் கேட்கலாம். பெரும்பாலும் குளவியாக இருக்கும். குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது கொழுந்து பறிப்பவர்களுக்கு அடிக்கடி நடப்பது, உயிர் போனதும் உண்டு. எந்த மரத்தில் கூடு என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் போனில் இருக்கும் வரைபடத்துக்குத் தெரியாது.

பூனாகலைப் பக்கம் இறங்கும்போது கீழே கொஸ்லந்தைப் பகுதி. அங்கேதான் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தோண்டியும் எடுக்க முடியாதவர்கள் இன்னும் அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறார்கள். அங்கே படம் எடுக்க நிற்காதீர்கள். யாராவது பேச வந்தால், நின்று முழுவதும் கேட்டுவிட்டுப் போங்கள். அன்றைய திட்டம் குலைந்தாலும் பரவாயில்லை.

சைக்கிளைப் பற்றி: டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், கருங்கல் ரோட்டில் கை நடுங்காது. பிரேக்கை இறக்கம் முழுக்க அழுத்திப் பிடித்தபடி வந்தால் டிஸ்க் கொதித்துப் பிடிமானம் குறையும். வளைவுக்கு முன் அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிடுங்கள். பிரேக் பேட் ஒரு சோடி கூடுதலாக இருக்கட்டும், ஹப்புத்தளைக் கடைகளில் உங்கள் அளவு கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அட்டைக் கடிக்கு உப்பும் சவர்க்காரமும் வையுங்கள்.

பாதை எந்தத் தோட்டத்துக்குள் போகிறதோ அந்த ஆபீசில் முந்தின நாளே சொல்லி அனுமதி வாங்குங்கள். ரயிலில் சைக்கிள் ஏற்றுவதையும் ஸ்டேஷனில் முன்கூட்டியே பேசி வையுங்கள். அடுத்த முறை பொகவந்தலாவைப் பக்கம் ஓட்டுங்கள், அதற்கும் பெப்ரவரியே சரி. அம்மா வேலை செய்த மலைகளுக்கு எந்த வண்டி ரோடு போகிறது என்று அவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வர விருப்பமென்றால் அவரை ஓட்டோவில் மடுவம் வரை கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அக்கா