கடை இல்லாத ஸ்டேஷனர்

அன்புள்ள ஐயா,

சானெட்டுகள் (பதினான்கு வரிக் கவிதைகள்) பற்றிய கட்டுரையில், 1609இல் ஷேக்ஸ்பியரின் கவிதைகளை வெளியிட்ட தாமஸ் தோர்ப்பை ‘ஸ்டேஷனர்’ என்கிறீர்கள். எங்கள் ஊரில் ஸ்டேஷனரி கடை என்றால் நோட்டு, பேனா, ஜெராக்ஸ். நோட்டுக் கடைக்காரருக்குக் கவிதை எப்படிச் சொந்தமாகும்? கவிஞரைக் கேட்காமல் சுட்டுவிட்டாரா?

செ., திண்டுக்கல்

அன்புள்ள செ.,

அன்றைய லண்டனில் புத்தகத்தை அச்சிடுபவர், தைப்பவர், விற்பவர், முதல் போடுபவர் எல்லோருமே ஸ்டேஷனர்தான். சுமந்து திரிந்து விற்காமல் ஓரிடத்தில் கடை போட்டவர் என்பது பழைய பொருள். வேடிக்கை என்னவென்றால், தோர்ப்புக்குப் பெரும்பாலும் கடையே கிடையாது. அச்சகமும் இல்லை.

சானெட்டுகளின் தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். அச்சிட்டவர் ஜி. எல்ட். விற்பவர் சில பிரதிகளில் வில்லியம் ஆஸ்ப்லி, சிலவற்றில் ஜான் ரைட். நடுவில் ‘டி.டி.’ என்று இரண்டே எழுத்து, தாமஸ் தோர்ப்பின் ஆங்கில முதலெழுத்துகள்; அதுதான் நம்மாள். கைப்பிரதியைப் பிடிப்பதும் காகிதத்துக்குப் பணம் கட்டுவதும் அவர் பாடு. காகிதம்தான் ஆளை விழுங்கும். ஒரு தாளை இரண்டு முறை மடித்தால் எட்டுப் பக்கம்; 80 பக்கப் புத்தகத்துக்குப் பத்துத் தாள். ஆயிரம் பிரதி போட்டிருந்தால் பத்தாயிரம் தாள். ஒரு காசு திரும்பி வருமுன்பே இவ்வளவும் வாங்கியாக வேண்டும். நல்ல காகிதம் பெரும்பாலும் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது.

சரி, திருட்டுக்கு வருவோம். கைப்பிரதி அவர் கைக்கு எப்படி வந்தது என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் 1609 மே 20 அன்று ஸ்டேஷனர்கள் சங்கப் பதிவேட்டில் முறையாகப் பதிந்திருக்கிறார். பதிந்தவருக்கே உரிமை. எழுதியவருக்கும் உரிமை உண்டு என்ற சட்டம் 1710இல்தான் வந்தது. அதோடு, அச்சுப்பிழை பொறுக்காத நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் ‘செஜானஸ்’ நாடகம் 1605இல் இவர் வெளியிட்டது. 1607இல் ‘வால்போனி’யும் இவரிடமே வந்தது. ஏமாற்றுக்காரரிடம் ஜான்சன் இரண்டாம் முறை போயிருப்பாரா?

தோர்ப், லண்டனுக்கு அருகே பார்னெட்டில் விடுதி நடத்தியவரின் மகன். 1584இல் தொழில் பழகச் சேர்ந்தவரைச் சங்கம் உறுப்பினராக்கியது 1594இல். முதல் புத்தகம் போட மேலும் ஆறு வருஷம்.

சானெட்டுகள் அவருக்குப் பெரிதாக ஓடியதாகத் தெரியவில்லை, மறுபதிப்பே இல்லை. 1640இல் ஜான் பென்சன் என்பவர்தான் வரிசையைக் கலைத்து மறுபடி போட்டார். தோர்ப் தன் சமர்ப்பணத்தில் குறிப்பிட்ட ‘திரு. டபிள்யூ.எச்.’ யார் என்று கேட்டு எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. அதன் அடியில் இருக்கும் டி.டி.யைப் பற்றி வந்த முதல் கடிதம் உங்களுடையது.