அஸ்திவாரம் இல்லாத ரெடிமேட் வீட்டுக்கும் அனுமதி வேண்டும்

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டக் கிராமம் ஒன்றில், அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் எனக்கு 2,400 சதுர அடி மனை இருக்கிறது. ஆலையில் செய்து லாரியில் கொண்டுவரும் 640 சதுர அடி இரும்புச்சட்ட வீட்டுக்குப் பாதிப் பணம் கட்டிவிட்டேன். ‘கழற்றி எடுக்கக்கூடியது, பிளான் அப்ரூவல் வேண்டாம்’ என்று விற்ற நிறுவனத்தார் சொன்னார்கள். ஒரு பாதியை இறக்கியதுமே நோட்டீஸ் வந்து வேலை நின்றுவிட்டது. என்ன செய்வது?

பதில்: உங்களிடம் சொன்னது தவறு. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, ‘கட்டடம்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் உலோகம் உட்பட எந்தப் பொருளாலான அமைப்பும் அடங்கும். சக்கரத்தின் மேல் நிற்பதும், அஸ்திவாரமின்றித் தரையில் வெறுமனே வைத்திருப்பதும்கூட அடங்கும்.

நிறுவனத்தார் 2024 நவம்பரில் பார்தி ஏர்டெல் வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டக்கூடும். செல்போன் கோபுரங்களும் அவற்றின் ப்ரீஃபேப் (ஆலையில் முன்கூட்டியே செய்த) அறைகளும் அசையும் பொருள்கள் என்று அது சொல்வது உண்மை. ஆனால் அது சென்வாட் என்ற பழைய மத்திய வரிச்சலுகை பற்றிய வழக்கு. திட்ட அனுமதிக்கு அதில் விலக்கு எதுவும் கிடையாது.

நோட்டீசில் தந்த கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். இறக்கியதை அப்படியே வைத்துக்கொள்ள அனுமதி கேட்டும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கிரேன் வைத்து அதை நிறுவனத்தின் யார்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, கட்டட அனுமதிக்கான அரசின் ஒற்றைச் சாளர இணையதளத்தில் சுயசான்று முறையில் (விதிப்படி கட்டுவதாக நீங்களே உறுதிமொழி தந்து) விண்ணப்பிப்பதே நல்லது என்பேன். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ தரையுடன் ஒரு மாடியோ கட்டும் குடியிருப்புக்கு அது பொருந்தும். வேலை தொடங்கியதை மறைத்து மட்டும் விண்ணப்பிக்காதீர்கள். பொய் உறுதிமொழியால் அனுமதியே ரத்தாகும்.

வீட்டுக்கும் மனை எல்லைக்கும் நடுவே விட வேண்டிய பக்க இடைவெளிகளை இப்போதே அளந்து பாருங்கள். செங்கல் சுவரைக் கட்டும்போது அரை அடி தள்ளிக்கொள்ளலாம். ஆலையில் பெட்டி போல முடித்து வரும் வீட்டைக் குறைக்க முடியாது. இந்த வகை வீடுகளில் பெரும்பாலான சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அடுத்தது காற்று. கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875-இன் மூன்றாம் பாகப்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். எடை குறைந்த இரும்பு வீடு பிளாக் கல் மேல் சும்மா உட்கார்ந்திருந்தால் புயலில் நகரும், தூக்கியும் எறியப்படலாம். கான்கிரீட் பீடமும், வீட்டை அதோடு இறுக்கிப் பிடிக்கும் ஆங்கர் போல்ட்டும் வேண்டும். போல்ட் போட்டால் ‘அசையாச் சொத்து’ ஆகிவிடுமே என்று யாராவது தடுத்தால் கேட்காதீர்கள். அனுமதி எப்படியும் தேவைதான். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் ஆறாம் பாகத்தில் ப்ரீஃபேப் கட்டுமானத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அதன்படி ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்திட்ட வடிவமைப்புக் கணக்கை விண்ணப்பத்தோடு இணையுங்கள். வெல்டிங், வயரிங், குழாய் எல்லாம் சுவர்ப் பலகைக்குள் மறைந்துதான் வரும். ஆகவே பலகை மூடுமுன் உங்கள் இன்ஜினியர் ஆலைக்கே போய்ப் பார்த்துப் படத்தோடு அறிக்கை தர வேண்டும்.

மீதிப் பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். கிரேன், லாரிச் செலவை ஏற்கும்படியும், அனுமதி கிடைத்த பிறகே அடுத்த தவணை என்றும் நிறுவனத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ‘அப்ரூவல் வேண்டாம்’ என்று வாட்ஸ்அப்பிலோ விளம்பரத்திலோ சொல்லியிருந்தால் அதை அழியாமல் காப்பாற்றுங்கள். மறுத்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையமே விசாரிக்கும்.