‘ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’ நாடகத்தின் கதை ஏன் 1912-இல் நடக்கிறது?

ஜே. பி. பிரீஸ்ட்லி இதை எழுதியது இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில். 1945-இல் முதலில் மேடையேறியதோ சோவியத் நாட்டில்! கதையை 1912-க்கு நகர்த்தியதில் ஒரு குறும்பு இருக்கிறது. போர் வராது, டைட்டானிக் மூழ்காது என்று ஆலை முதலாளி பர்லிங் அடித்துப் பேசுவார். நடந்தது பார்வையாளருக்குத் தெரியும். அப்புறம் அவரே ‘அவரவர் பாட்டைப் பார்த்தால் போதும்’ என்றால் யார் நம்புவார்கள்? சரியாக அந்த இடத்தில்தான் அழைப்பு மணி அடிக்கிறது: ஈவா ஸ்மித் என்ற இளம்பெண்ணின் தற்கொலை பற்றி விசாரிக்க இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார்.

வாரம் 22 ஷில்லிங் 6 பென்ஸுக்குப் பதில் 25 ஷில்லிங் கூலி கேட்டதற்காக, தன் ஆலையில் வேலை பார்த்த ஈவா ஸ்மித்தை வேலையைவிட்டுத் தூக்கியவர் பர்லிங்.

தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்றால் மேடைக்குறிப்பைத் தவறவிடாதீர்கள்: அதுவரை இளஞ்சிவப்பாக இருந்த விளக்கொளி, இன்ஸ்பெக்டர் வந்ததும் கடுமையாகிறது.