வான்கோழியை வசந்தத்தில் சுடலாமா?

அன்புள்ள ஐயா,

மே மாதத்தில் நண்பருடன் வான்கோழி வேட்டைக்குப் போய்வந்ததை ஒரு கட்டுரையில் இரண்டு வரியில் சொல்லியிருந்தீர்கள். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் தாத்தா கரிசல் காட்டில் கவுதாரி பிடிப்பார். பழக்கிய கவுதாரியைக் கூண்டில் வைத்துக் கத்தவிட்டு, தேடி வருவதைக் கண்ணியில் பிடிப்பது. அப்போது தடுக்க யாரும் இல்லை. ஆனாலும் ஜோடி சேரும் காலத்தில் கண்ணியைத் தொட மாட்டார், பாவம் என்பார். நீங்கள் போனதோ அந்தப் பறவைகள் இணைசேரும் காலத்தில்தான். அரசாங்கமே லைசென்ஸும் கொடுக்கிறது. இது என்ன நியாயம்? உங்களால் எப்படி அங்கே உட்கார முடிந்தது?

ச., விருதுநகர்

அன்புள்ள ச.,

உங்கள் தாத்தா சொன்னது கவுதாரிக்கு முழுக்கச் சரி. அது ஜோடியாக வாழும் பறவை. ஒன்றைப் பிடித்தால் அந்த ஜோடியே கலைந்துபோகும். வான்கோழியின் குடும்பம் அப்படி இல்லை. ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும், அதோடு அதன் பங்கு முடிந்தது. தரையில் கூடு அமைப்பது, நாளுக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு முட்டை இடுவது, 28 நாள் அடைகாப்பது, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அலைவது எல்லாமே பெட்டைதான். அதனால் நான் போன அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வசந்தத்தில் சுட அனுமதி உள்ளது நெஞ்சில் தாடிபோல் மயிர்க்கற்றை தொங்கும் பறவையை மட்டும். அது அநேகமாக எப்போதும் சேவல்தான். பெரும்பாலான பெட்டைகள் இணைசேர்ந்து முடித்த மே மாதத் தொடக்கத்தை ஒட்டித்தான் வேட்டைப் பருவமே திறக்கிறது.

நண்பரும் நானும் போனது அங்குள்ள ராத்ராக் என்ற அரசுக் காட்டுக்கு. நான் துப்பாக்கி எடுப்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நல்ல இருட்டில் மலைமுகட்டில் ஏறி நின்றோம். நண்பர் வாயைக் குவித்து ஆந்தைபோலக் குரல் கொடுத்தார். தூரத்து ஓக் மரத்தில் உறங்கிக்கொண்டிருந்த சேவல் அதற்குப் பதிலாகக் கொக்கரித்தது. திடீரென்று ஏதாவது உரத்த ஒலி கேட்டால் சேவலால் பேசாமல் இருக்க முடியாது. அது இருக்கும் இடம் தெரிந்ததும், தோளைவிட அகலமான மரமாகப் பார்த்து முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். அந்த மரம் சாய்ந்துகொள்ள மட்டும் இல்லை, பின்னாலிருந்து வேறொரு வேட்டைக்காரர் தவறிச் சுட்டால் காப்பதற்கும்தான். சிவப்பு, வெள்ளை, நீலம் எதையும் உடம்பில் காட்டக் கூடாது. சேவலின் தலை அந்த நிறங்களில்தான் இருக்கும்.

வசந்தப் பருவத்தில் பறவையைப் பதுங்கிப் பின்தொடர்வது இங்கே குற்றம். கூப்பிட்டு வரவழைத்துத்தான் சுட வேண்டும். நண்பர் சிறிய கற்பலகைத் தட்டில் மரக்குச்சியை உரசிப் பெட்டையின் குரலை எழுப்பினார். சேவல் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னது, ஆனால் வரவில்லை. வான்கோழிகளில் கூப்பிடுவது சேவல், தேடிப் போவது பெட்டை. வேட்டைக்காரர் கேட்பது அதற்கு நேர்மாறானது. விடிந்ததும் சிறகடித்து இறங்கும் சத்தம் கேட்டது. நிஜப் பெட்டைகள் நாலைந்து அதைச் சூழ்ந்துகொண்டு பள்ளத்தாக்குப் பக்கம் அழைத்துப் போய்விட்டன.

நான் எழுந்துவிடலாம் என்றேன். நண்பர் தலையை ஆட்டினார். வெயில் ஏறியதும் பெட்டைகள் ஒவ்வொன்றாகக் கூட்டுக்குப் போய்விடும், அப்புறம் சேவல் தனியாகிவிடும், அப்போது நாம் கூப்பிட்ட இடத்தை நினைவு வைத்துத் தேடி வரும் என்றார். உண்ணி ஏறாதபடி காலுறைக்குள் பேண்ட்டைச் செருகிக்கொண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்தோம். காடு எங்களை மறந்துவிட்டது. ஒரு அணில் என் பூட்ஸ் மேல் ஏறி இறங்கியது. ஒன்பதரை வாக்கில் சேவல் வந்தது. வாலை விரித்து, சிறகுகள் தரையை உரச, நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு அடித்தொனி. அது காதுக்குக் கேட்பதற்கு முன்பே உடம்புக்குத் தெரிகிறது.

முப்பது அடி எடுத்து வைத்தால் தொடலாம் என்கிற தூரத்தில் அது கழுத்தை நீட்டியபோது நண்பர் சுட்டார். செத்த பிறகும் சிறகுகள் வெகுநேரம் அடித்துக்கொண்டன. பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தக் கஷ்டத்தை மறைத்து உங்களுக்கு எழுத எனக்கு விருப்பமில்லை. அங்கேயே காலில் அடையாளச் சீட்டைக் கட்டினார். அதை மாநில வேட்டை ஆணையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். நெஞ்சுக்கறி அவர் வீட்டுக்கு, தொடையும் காலும் எனக்கு. காலில் கம்பிபோல் நரம்பு ஓடும், குக்கரில் நிறைய விசில் விட்டுத்தான் மிளகு வறுவல் செய்ய முடிந்தது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவதை இனிமேல்தான் சொல்ல வேண்டும். 1930களில் அமெரிக்கா முழுக்க மிஞ்சியிருந்த காட்டு வான்கோழிகள் இரண்டு லட்சமோ அதற்கும் குறைவோ. காட்டை வெட்டியும் கணக்கில்லாமல் சுட்டும் தீர்த்திருந்தார்கள். பண்ணையில் வளர்த்து விட்டவை பிழைக்கவில்லை. காட்டில் வாழச் சொல்லித்தரத் தாய் இல்லை. 1950களில் வெடிமருந்தால் பாயும் வலையை வீசிக் காட்டுப் பறவைகளையே பிடித்து வேறு காடுகளில் விட்டபோதுதான் பெருகின. இன்று சுமார் 60 லட்சம். 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி உண்டு. அது மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்கே போகிறது. லைசென்ஸ் பணமும் அப்படித்தான். அந்த மீட்புக்குப் பெரும்பகுதிச் செலவை ஏற்றவர்கள் வேட்டைக்காரர்கள்.

அதற்காக வசந்த வேட்டையில் கேள்வியே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பருவத்தைச் சீக்கிரம் திறந்தால், வலுவான சேவல்கள் இணைசேரும் முன்பே சாகின்றன என்ற கவலை ஆய்வாளர்களுக்கு உண்டு. தெற்கு மாநிலங்கள் பலவற்றில் எண்ணிக்கை இறங்கியிருக்கிறது. 2023இல் டென்னசி பருவத்தை இரண்டு வாரம் தள்ளிவைத்து, ஆளுக்கு இரண்டு பறவை என்றும் குறைத்தது. அது சரியான முடிவு என்பது என் கருத்து. பெட்டையையும் சுட அனுமதிக்கும் இலையுதிர்கால வேட்டை எனக்கு இன்னும் உறுத்தல். ஒரு பெட்டை போனால் அடுத்த ஆண்டுக் குஞ்சுகளும் போகின்றன. என் நண்பரும் அந்தப் பருவத்தில் போவதில்லை. ஆணையம் அதை நிறுத்தினால் முதலில் ஆதரிப்பவர்களில் அவர் இருப்பார்.

அன்புடன்